முப்பத்தேழாம் நம்பர் ஷூவும் மூன்று பக்க இன்சூரன்ஸும்

ஜெர்மனி போய் வந்ததிலிருந்து, எங்கள் கம்பெனியில் யார் வெளிநாடு கிளம்பினாலும் முதலில் என்னிடம்தான் வந்து நிற்கிறார்கள். "அக்கா, அந்த மெடிக்கல் இன்சூரன்ஸ் நெசமாவே வேணுமா, இல்ல சும்மா விசாவுக்குக் காட்டறதுக்கா?" என்பதுதான் கேள்வி. கேட்கும்போதே அவர்கள் கண் என் வலது கணுக்காலுக்குப் போய்விடுகிறது. வேணும் என்று ஒரே வார்த்தையில் சொன்னால் யார் காதில் வாங்குகிறார்கள்? அதனால் முழுக் கதையையும் எழுதிவிடுகிறேன். இனிமேல் கேட்பவர்கள் கையில் இதைக் கொடுத்துவிட்டு நான் என் வேலையைப் பார்க்கலாம்.

என் வேலை குறை கண்டுபிடிப்பது. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் இருபத்திரண்டு வருஷமாகத் தரம் பார்க்கிறேன். தையல் கோணலா, பசை பிதுங்கியிருக்கிறதா, இடது காலும் வலது காலும் ஒரே நிறமா என்று பார்த்து, குறை இருக்கும் இடத்தில் சின்னதாக ஒரு சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்புவேன். மாதனூரிலிருந்து என்னோடு கம்பெனி பஸ்ஸில் வரும் பெண்கள் என் முதுகுக்குப் பின்னால் என்னை 'அம்புக்குறி அக்கா' என்கிறார்கள். எனக்கு அது தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், பாவம்.

அப்படிப்பட்ட நானே பார்த்துக் கையெழுத்துப் போட்டு அனுப்பிய பெண்கள் ஷூ, ஜெர்மனியில் ஒரு கிடங்கில் பெட்டியைத் திறந்தபோது பூஞ்சை பூத்திருந்தது. அடைமழை நேரத்தில் அவசரமாக அட்டைப் பெட்டியில் அடைத்து அனுப்பியதன் பலன். முதலாளி போட்டோவை என் முகத்துக்கு நேராக நீட்டினார். "நீதானம்மா பாஸ் பண்ண? நீயே போயி, எதைத் துடைச்சு விக்கலாம், எதைத் தூக்கிப் போடணும்னு பிரிச்சுக் குடுத்துட்டு வா" என்றார். என் பிழைப்பில் முதல் வெளிநாட்டுப் பயணம் இப்படி ஒரு தண்டனையாகத்தான் வாய்த்தது.

துணைக்கு நிஜாம் பாய். வாணியம்பாடிக்காரர். கால் வடிவத்தில் செய்த கட்டையின் மேல் தோலை இழுத்துப் பொருத்தி ஷூவுக்கு உருவம் கொடுக்கும் பிரிவில் முப்பது வருஷமாக இருக்கிறார். ஏற்கெனவே இரண்டு தடவை ஐரோப்பா போனவர் என்பதால், பத்து நாளைக்கு முன்பிருந்தே எனக்குப் பாடம் எடுக்க ஆரம்பித்துவிட்டார். அவர் சொன்னதில் பாதி, கத்திரிக்காய்த் தொக்கை எப்படிக் கசியாமல் கட்டுவது என்பதைப் பற்றியது.

விசா வேலை எல்லாம் ஆபீஸில் இருக்கும் பிரபுவின் பொறுப்பு. அவன்தான் ஒருநாள் படிவத்தோடு வந்து, "அக்கா, முப்பதாயிரம் யூரோவுக்குக் கம்மி இல்லாம மெடிக்கல் இன்சூரன்ஸ் இருந்தாத்தான் விசாவே தருவாங்க" என்றான்.

"நான் இன்னா அங்க சாவறதுக்கா போறேன்?"

"செத்தாலும் ஊருக்குக் கொண்டாந்து சேத்துடுவாங்களாம் அக்கா. அதுவும் இதுலயே வந்துடுது" என்று ஆடித் தள்ளுபடி சொல்கிற கடைக்காரனைப் போலச் சொன்னான்.

எனக்குச் சிரிப்பு ஒரு பக்கம், எரிச்சல் ஒரு பக்கம். நான் பிறந்து வளர்ந்தது வேலூர் மாவட்டம். ஒரு தலைவலி என்றால் கல்கத்தாவிலிருந்து ரயிலேறி எங்கள் ஊருக்கு வருகிறார்கள். வேலூரில் லாட்ஜ் போர்டெல்லாம் வங்காளத்தில் எழுதியிருக்கும். உலகமே வைத்தியத்துக்கு எங்கள் ஊருக்கு வரும்போது, நான் எதற்கு வேறு ஊர் வைத்தியத்துக்குக் காசு கட்டிவிட்டுப் போக வேண்டும்? ஆறு நாளில் என்ன ஆகிவிடும்? எனக்குச் சர்க்கரை இல்லை, பிரஷர் இல்லை. இருபத்திரண்டு வருஷத்தில் காய்ச்சலுக்கு லீவு போட்டது நாலு தடவை.

பிரபு விடவில்லை. மூன்று பக்கம் கலரில் பிரின்ட் எடுத்து, என் ஃபைலில் வைத்து, "எதை விட்டாலும் இதை விட்டுடாதீங்க அக்கா" என்றான். சரிடா சாமி என்று வாங்கிக்கொண்டேன்.

அடுத்து செருப்புப் பிரச்சினை. எனக்கு எப்போதும் ரப்பர் செருப்புதான். முதலாளி பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "ஷூ கம்பெனியிலருந்து போறவ இதப் போட்டுக்கினு அவங்க எதிர்ல நிப்பியா? சாம்பிள் ரூம்ல ஒரு ஜோடி எடுத்துக்க" என்றார்.

இங்கே ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். புது மாடல் செய்யும்போது முதலில் சாம்பிள் செய்வோம். பெண்கள் ஷூ என்றால் சாம்பிள் எப்போதும் முப்பத்தேழாம் நம்பர். ஆண்கள் ஷூ என்றால் நாற்பத்திரண்டு. மாடல் முடிந்ததும் மிச்சமாகும் ஜோடிகள் ஊழியர்களுக்குப் போய்விடும். அதனால் ஆம்பூரில் ஒரு கல்யாண வீட்டு வாசலில் நின்று பாருங்கள். கிடக்கிற ஷூவில் பாதி, பெண்களுடையது முப்பத்தேழு, ஆண்களுடையது நாற்பத்திரண்டு. கால் எந்த அளவாக இருந்தாலும் அதுதான். பெரிதாக இருந்தால் முனையில் பேப்பர் அடைத்துக்கொள்வோம், சின்னதாக இருந்தால் பல்லைக் கடித்துக்கொள்வோம். ஓசியில் வருவதற்கு அம்புக்குறி ஒட்ட முடியுமா?

எனக்கு வந்தது கறுப்பு நிறம், லேஸ் இல்லாமல் அப்படியே காலை நுழைத்துக்கொள்ளும் மாடல். பார்க்க லட்சணமாக இருந்தது. முனையில் டிஷ்யூ பேப்பரைச் சுருட்டி அடைத்தேன். பெட்டியில் போகும் ஷூவுக்கெல்லாம் அதுதானே செய்கிறோம்.

முதல் நாள் முழுக்க விமானத்திலேயே போயிற்று. இரண்டு விமானம், இரண்டு வேளைச் சாப்பாடு. இரண்டிலும் ஒரு பன் வந்தது. அதைக் கீழே போட்டிருந்தால் விமானத்தில் ஓட்டை விழுந்திருக்கும். நிஜாம் பாய் தன் பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து, பன்னைப் பிய்த்து, நடுவில் தொக்கைத் தடவினார். பக்கத்து சீட்டு வெள்ளைக்காரர் மூக்கை உறிஞ்சிக்கொண்டே எட்டிப் பார்த்தார். பாய் அவருக்கும் ஒன்று செய்து நீட்டிவிட்டார். மனுஷன் கண்ணில் தண்ணீர் வழிய வழியச் சாப்பிட்டுவிட்டு, "நல்லா இருக்கு, ஆனா இது உணவா மருந்தா?" என்று இங்கிலீஷில் கேட்டார். "ரெண்டும்தான்" என்றார் பாய்.

இறங்கின ஊரில் மழை. எங்கள் ஊர் மழை வந்தால் கொட்டித் தீர்த்துவிட்டுப் போகும். இது காலையிலிருந்து மாலைவரை முனகிக்கொண்டே இருக்கிற மழை. ஸ்டேஷனிலிருந்து விடுதிக்கு நடந்ததில் ஷூவுக்குள் தண்ணீர் புகுந்து, டிஷ்யூ பேப்பர் கூழாகிவிட்டது. வெறுங்காலோடு ஷூவை மாட்டி நடந்து பார்த்தேன். குதிகால் ஒவ்வொரு அடிக்கும் வெளியே வந்து எட்டிப் பார்த்தது.

அறையில் ஒரு பழைய பேப்பர் கூட இல்லை. கழிவறைப் பேப்பரைச் சுருட்டி வைத்தேன். நாலு அடியில் தோசை மாவாகிவிட்டது. அப்போதுதான் ஃபைலைத் திறந்தேன். பாஸ்போர்ட் வேண்டும். டிக்கெட் வேண்டும். கிடங்குக்காரர்கள் கடிதம் வேண்டும். இன்சூரன்ஸ்? விசாவுக்காகக் கேட்டார்கள், கொடுத்தோம், விசா வந்துவிட்டது. இனிமேல் அதற்கு என்ன வேலை? பேப்பரும் நல்ல தடிப்பு. பிரபு எப்போதும் ஒசத்திப் பேப்பரில்தான் பிரின்ட் எடுப்பான். முதல் பக்கத்தைக் கசக்கி வலது ஷூவில் அடைத்தேன். மற்ற இரண்டு பக்கமும் பொடி எழுத்தில் ஏதேதோ நிபந்தனைகள்; அவை இடது ஷூவுக்குப் போயின. போட்டு நடந்தேன். அளவெடுத்துத் தைத்ததுபோல இருந்தது. என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன்.

இரண்டாம் நாள் கிடங்கு. ஊருக்கு வெளியே இருந்ததால் பஸ்ஸில் போக வேண்டும். பஸ் எட்டு மணி ஏழு நிமிஷம் என்று எழுதியிருந்தது. எட்டு ஏழுக்கு யாராவது பஸ் விடுவார்களா என்று நாங்கள் எட்டேகாலுக்குப் போய் நின்றோம். அது எட்டு ஏழுக்கே போயிருந்தது. மாதனூரில் எங்கள் கம்பெனி பஸ், சாந்தி இன்னும் வரவில்லை என்றால் ஹாரன் அடித்துக்கொண்டு நிற்கும். அவள் ஈரத் தலையோடு ஓடிவந்து ஏறியதும்தான் கிளம்பும்.

அடுத்த பஸ்ஸில் ஏறினால் இன்னொரு கூத்து. எங்கள் நிறுத்தம் வந்தது, பஸ் நிற்கவில்லை. "ஹலோ, ஹலோ, ஸ்டாப்பு!" என்று கத்தினேன். டிரைவர் கண்ணாடியில் பார்த்தாரே தவிர நிறுத்தவில்லை. பக்கத்தில் இருந்த வயசான அம்மா, கம்பியில் இருந்த ஒரு சிவப்புப் பொத்தானைத் தொட்டுக் காட்டிவிட்டு, ஏதோ நீளமாகத் திட்டியது. பொத்தானை அமுக்கினால்தான் நிற்குமாம். அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, மழையில் அரை மைல் திரும்பி நடந்தோம்.

கிடங்கில் கரின் என்று, இங்கிலீஷ் பேசத் தெரிந்த ஒரு பெண் பொறுப்பாளர். என் வயசுதான் இருக்கும், நெட்டையாக, தலைமயிரைக் கட்டையாக வெட்டிக்கொண்டிருந்தார். நாங்கள் தாமதமாக வந்ததற்கான காரணத்தை முழுதாகக் கேட்டுவிட்டு, அந்த வயசான அம்மா திட்டியதை நான் பேசிக் காட்டியதும் விழுந்து விழுந்து சிரித்தார். "அவங்க திட்டல. 'நான் நாப்பது வருஷமா இதுல போறேன், ஒருத்தரும் என்கூடப் பேசினதில்லை, இன்னைக்குத்தான் பஸ்ல சத்தம் கேக்குது'ன்னு சொல்லியிருக்காங்க" என்றார். அதைக் கேட்டதும் அந்த ஊர்மேல் எனக்கு இருந்த கோபம் கொஞ்சம் கம்மியாயிற்று.

பெட்டிகளைத் திறந்து பார்த்தபோது அவமானமாகத்தான் இருந்தது. சாம்பல் பூத்த மாதிரி வரிசையாக என் கையெழுத்தோடு போன ஷூக்கள். துடைத்தால் போகிறது ஒரு பக்கம், தோலுக்குள் இறங்கிவிட்டது ஒரு பக்கம் என்று பிரிக்க ஆரம்பித்தேன். மத்தியானம் கரின் ரொட்டியும் சீஸும் கொடுத்தார். சுடச்சுட ஒன்றும் கிடையாது. அந்தக் குளிரில் பச்சைத் தண்ணீர் மாதிரி ஒரு சாப்பாடு.

மூன்றாம் நாள் சாயந்தரம் நிஜாம் பாய் தெருமுனையில் ஒரு துருக்கிக் கடையைக் கண்டுபிடித்தார். கம்பியில் செருகி வெந்துகொண்டிருந்த இறைச்சியைச் செதுக்கி, ரொட்டியில் சுருட்டித் தருகிறார்கள். கடைக்காரருக்கு உருது தெரியாது, பாய்க்குத் துருக்கி தெரியாது. பாய் தன் நெஞ்சில் கை வைத்து "தோஸ்த்" என்றார். கடைக்காரரும் "தோஸ்த்!" என்று கத்திக்கொண்டு கல்லாவைத் தாண்டி வந்து கட்டிக்கொண்டார். அவர்கள் பாஷையிலும் நண்பனுக்கு அதே வார்த்தைதானாம். சாப்பாட்டைப் பற்றிப் பாயிடம் கேட்டேன். ஒரு வாய் மென்றுவிட்டு, "நல்லாத்தான் இருக்குது. ஆனா நம்ம பிரியாணி அவனுக்குக் கெடைக்கலியே, அத நெனச்சாத்தான் பேஜாரா இருக்குது" என்றார்.

அன்றைக்கு என் வீட்டுக்காரர் போனில் கூப்பிட்டு, "இன்னா சாப்ட்ட? குளிருதா? உடம்பு பரவால்லியா?" என்று மூச்சுவிடாமல் கேட்டார். "எனக்கின்னா, கல்லு மாதிரி இருக்கேன்" என்றேன்.

நாலாம் நாள் காலை நான் பெருமையாகச் சிவப்புப் பொத்தானை அமுக்கினேன். பஸ் நின்றது. கதவு திறந்தது. அன்றைக்கும் அதே பஸ்ஸில் இருந்த வயசான அம்மாவுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு இறங்கினேன். இடது காலை வைத்தேன். வலது காலை எடுக்கும்போது, ஷூ படியிலேயே நின்றுவிட்டது. குதிகால் வெளியே வந்து, பாதி நுழைந்த கால் மடங்கி, முழு உடம்பும் அதன்மேல் போய் விழுந்தது. டப் என்று ஒரு சத்தம். காய்ந்த முருங்கைக் குச்சியை ஒடித்தால் வருமே, அந்தச் சத்தம். என் காலிலிருந்துதான் வந்தது.

சுற்றிலும் ஆள் கூடிவிட்டது. வயசான அம்மாதான் போனை எடுத்து ஆம்புலன்ஸைக் கூப்பிட்டது. "வேணாம், வேணாம், ஆட்டோ போதும்" என்று நான் தமிழிலேயே கத்தியது ஞாபகம் இருக்கிறது. அந்த ஊரில் ஆட்டோவே கிடையாது. நிஜாம் பாய் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒண்ணும் ஆவல, ஒண்ணும் ஆவல" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

ஆஸ்பத்திரியில் கேட்ட முதல் கேள்வி பெயர். இரண்டாவது கேள்வி, இன்சூரன்ஸ் எங்கே?

பாய் என் ஃபைலைத் திறந்தார். பாஸ்போர்ட், டிக்கெட், கடிதம். மறுபடி தேடினார். கரினும் அதற்குள் வந்துவிட்டார், அவரும் தேடினார். "பிரபு குடுத்தானேம்மா, கலர்ல, மூணு பக்கம். எங்க வச்ச?" என்று பாய் கேட்டார். நான் வலியில் கண்ணை மூடிக்கொண்டேன். வலி பாதி, வெட்கம் பாதி.

இதற்குள் நர்ஸ் ஒரு பெரிய கத்தரிக்கோலோடு வந்தார். கால் வீங்கிவிட்டது, ஷூவை வெட்டி எடுக்க வேண்டும் என்று சைகையில் காட்டினார். நானும் பாயும் ஒரே நேரத்தில் அலறினோம். "நோ கட்! சாம்பிள்!"

பாய் நர்ஸைக் கும்பிட்டு, நான் எடுக்கிறேன் என்றார். கட்டையிலிருந்து ஷூவைக் கழற்றுவது முப்பது வருஷமாக அவர் செய்கிற வேலை. குதிகால் பக்கம் இரண்டு விரலை விட்டு, கொஞ்சம் முன்னால் தள்ளி, கொஞ்சம் தூக்கி, நான் முழுதாக மூச்சு இழுப்பதற்குள் உருவிவிட்டார். நர்ஸ் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றார். ஷூவோடு கூடவே ஒரு காகித உருண்டை வந்து கட்டில்மேல் விழுந்தது.

பாய் அதைப் பிரித்தார். மூலையில் இன்சூரன்ஸ் கம்பெனி முத்திரை. நடுவில் என் பெயர். கீழே என் கட்டைவிரல் போட்ட ஓட்டை.

"இன்னாம்மா இது?"

"கொஞ்சம் லூசா இருந்துச்சு பாய்."

அவர் அந்தக் காகிதத்தை முழங்கால்மேல் வைத்து உள்ளங்கையால் நீவ ஆரம்பித்தார்.

டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். கணுக்காலில் இரண்டு பக்கமும் எலும்பு உடைந்திருக்கிறது, தகடு வைத்துத் திருகாணியால் இறுக்க வேண்டும், நாளைக்கே. நான் கரினிடம், "மாவு மட்டும் கட்டி விடச் சொல்லுங்க. எங்க வேலூர்ல போய் ஆபரேஷன் பண்ணிக்கிறேன். அங்க இத விடப் பெரிய ஆஸ்பத்திரி இருக்குது" என்றேன். கரின் அதை எடுத்துச் சொன்னதும் டாக்டர் பொறுமையாகக் கேட்டார். "நல்ல ஆஸ்பத்திரியா இருக்கலாம். ஆனா இந்தக் காலோட அவ்வளவு நேரம் விமானத்துல உக்காந்தா ரத்தம் கட்டி உயிருக்கே ஆபத்து" என்றார். ஆஸ்பத்திரி ஆபீஸ்காரரும் வந்தார். 'செலவை நாங்கள் தருகிறோம்' என்று இன்சூரன்ஸ் கம்பெனி ஒரு கடிதம் அனுப்ப வேண்டும். இல்லையென்றால் முழுச் செலவையும் நானே தருவதாகக் கையெழுத்துப் போட வேண்டும். அவர் சொன்ன உத்தேசத் தொகையை நிஜாம் பாய் போனில் நம் பணத்துக்கு மாற்றிப் பார்த்துவிட்டு, போனைக் கவிழ்த்து வைத்துவிட்டார்.

அப்போதுதான் பயம் வந்தது. என் பெண் நர்ஸிங் இரண்டாம் வருஷம் படிக்கிறாள். மாதனூரில் கட்டுகிற வீட்டுக்கு இன்னும் கூரை போடவில்லை. கிழிந்துபோன அந்த ஒரு காகிதம் நின்றால் நான் நிற்பேன். அது விழுந்தால் குடும்பமே விழும். நான் அதைக் காலில் போட்டு மிதித்திருக்கிறேன்.

காகிதத்தில் இன்சூரன்ஸ் கம்பெனியின் போன் நம்பர் கிழியாமல் தப்பியிருந்தது. கரின் தன் போனில் போட்டு, சத்தமாக வைத்துக் கட்டில்மேல் வைத்தார். இங்கிலீஷில் ஒரு பெண் குரல் பேசியது. நான் நாலு வார்த்தை பேசியதும், "மேடம், தமிழா? தமிழ்லயே சொல்லுங்க. நான் பவித்ரா" என்றது. எனக்கு அந்த நிமிஷமே பாதி வலி குறைந்தது. பாலிசி நம்பரில் கடைசி இரண்டு எண் ஓட்டைக்குள் போய்விட்டது என்றேன். பெயரையும் பாஸ்போர்ட் நம்பரையும் வைத்துக் கண்டுபிடித்துவிட்டாள்.

"எப்படி விழுந்தீங்க மேடம்?"

நிஜாம் பாய் என் காதில் குனிந்தார். "மழைத் தண்ணி, எலை வழுக்கிடுச்சுன்னு சொல்லிடு. ஷூவைப் பத்திப் பேசாத. நம்ம தப்புன்னு தெரிஞ்சா கைய விரிச்சிடுவான்."

தரையில் இலையும் கிடந்தது, தண்ணீரும் கிடந்தது. சொல்லியிருக்கலாம். யாரும் கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள். ஆனால் என் எதிரில் எத்தனை பெண்கள் உடைந்த ஊசியைப் பிடித்துக்கொண்டு, "மெஷின் தப்புக்கா" என்று நின்றிருப்பார்கள்! அவர்களிடம் நான் என்ன ஆட்டம் ஆடியிருப்பேன்! என்ன நடந்ததோ அதை எழுது, இல்லாவிட்டால் குறை எங்கே என்று நான் எப்படிக் கண்டுபிடிப்பேன் என்று கத்தியிருக்கிறேன். வாய் வரை வந்த இலையை விழுங்கிவிட்டேன்.

"ஷூ பெருசும்மா. உள்ள பேப்பர் அடைச்சிருந்தேன். எறங்கும்போது கால் வெளிய வந்துடுச்சு."

"என்ன பேப்பர் மேடம்?"

"உங்களுதுதான்."

"எங்க பாலிசியையா?" என்றாள்.

"மொதல் பக்கம் மட்டும்தான் இந்தக் கால்ல. நிபந்தனை எல்லாம் இடது கால்ல இருக்குது. அது பத்திரமா இருக்குது."

"அப்ப நிபந்தனையெல்லாம் நீங்க படிக்கல."

"நாலு நாளா அது மேலதாம்மா நின்னுக்கினு இருந்தேன்."

பவித்ரா போனைக் கையால் பொத்திக்கொண்டு சிரித்தது எனக்குக் கேட்டது. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "இதை அப்படியே எழுதணும் மேடம். உங்க கால் சைஸ் என்ன?" என்றாள்.

ஒரு நாளைக்கு ஆயிரம் ஷூவைத் தொடுகிறவள் நான். எந்த ஷூவைப் பார்த்தாலும் கண்ணாலேயே நம்பர் சொல்லிவிடுவேன். என் கால் நம்பரை இதுவரை நான் வாய்விட்டுச் சொன்னதே இல்லை.

"முப்பத்தாறு" என்றேன்.

"போட்டிருந்தது?"

"முப்பத்தேழு."

"ஏன் மேடம் பெருசா போட்டீங்க?"

"எங்க கம்பெனியில அதுதாம்மா ஓசியில கெடைக்கும்."

அவள் தட்டச்சு செய்யும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் காத்திருங்கள் என்று ஒரு பாட்டைப் போட்டுவிட்டுப் போய்விட்டாள். கரின் என் இடது கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். பாய் உதட்டை அசைத்து ஏதோ ஓதிக்கொண்டிருந்தார். நான் மனசுக்குள் வேண்டாத சாமி இல்லை. அந்தப் பாட்டு நாலு தடவை முடிந்து நாலு தடவை ஆரம்பித்தது.

"மேடம், லைன்ல இருக்கீங்களா? மேல கேட்டுட்டேன். விபத்துன்னா விபத்துதான். வேணும்னே விழலியே நீங்க. குடிச்சிருக்கக் கூடாது, பழைய நோயா இருக்கக் கூடாது, அவ்வளவுதான். ஆஸ்பத்திரிக்கு இன்னும் ஒரு மணி நேரத்துல லெட்டர் போயிடும்."

"முட்டாத்தனமா விழுந்தா பரவால்லியா?" என்று கேட்டார் நிஜாம் பாய், சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள.

"அதுக்குத் தர மாட்டோம்னு நிபந்தனையில எங்கயும் போடல சார்" என்றாள் பவித்ரா.

மறுநாள் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கண் விழித்தபோது பக்கத்தில் ஒருவரும் இல்லை. வேலூரில் ஒரு நோயாளி படுத்தால் ஆறு பேர் சுற்றி நிற்பார்கள், ஏழாவது ஆள் தூக்குவாளியோடு வந்துகொண்டிருப்பான். இங்கே சாயந்தரம் ஐந்து மணிக்கே இரண்டு துண்டு ரொட்டியும் ஒரு துண்டு சீஸும் வைத்துவிட்டுப் போனார்கள். வீட்டுக்காரரிடம் போனில் விஷயத்தைச் சொன்னேன். முதலில் பதறினார். பிறகு, "கல்லு மாதிரி இருக்கேன்னியே" என்றார்.

நிஜாம் பாய் அதற்கு அடுத்த நாள்தான் வர முடிந்தது. மிச்சப் பெட்டிகளைக் கரினும் அவரும் கிடங்குப் பெண்களும் சேர்ந்து பிரித்து முடித்திருந்தார்கள். ஊர் திரும்ப எனக்குக் காலை நீட்டிக்கொள்ளும்படியான சீட்டும் சக்கர நாற்காலியும் இன்சூரன்ஸிலேயே ஏற்பாடாகிவிட்டது என்ற செய்தியையும் கொண்டுவந்தார். எல்லாவற்றையும் சொல்லிவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கால்மாட்டில் உட்கார்ந்தார்.

"முப்பத்தாறா?" என்றார் திடீரென்று.

"ஆமா பாய்."

"இருவத்திரண்டு வருஷமா எனக்கு அடுத்த ஹால்லதான் நிக்கிற. என் ரேக்குல முப்பத்தஞ்சுலருந்து நாப்பத்திரண்டு வரைக்கும் கட்டை வரிசையா இருக்குது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஒரு மத்தியானத்துல போட்டுக் குடுத்திருப்பேனேம்மா."

"யாரும் கேக்கலியே பாய். எனக்கும் சொல்லத் தோணல."

அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு தையல் டேப்பை எடுத்தார். கரின் வீட்டிலிருந்து கேட்டு வாங்கி வந்தாராம். என் இடது காலைப் போர்வைக்கு வெளியே எடுத்து வைக்கச் சொன்னார். எனக்குக் கூச்சமாக இருந்தது. "சும்மா வை" என்று அதட்டினார். குதிகாலிலிருந்து விரல்முனை வரை நீளம். விரல்கள் விரிகிற இடத்தில் சுற்றளவு. மேல்பாதத்தில் ஒரு சுற்று. ஒவ்வொன்றையும் உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டார். "வலது காலு வீக்கம் வத்தட்டும், ஊர்ல அளக்கறேன்" என்றார்.

அழுகை வந்துவிட்டது. எலும்பு உடைந்தபோது வராத அழுகை, பவித்ரா சரி என்று சொன்னபோதும் வராத அழுகை, அப்படியே பொங்கிக்கொண்டு வந்தது. வாய்விட்டு அழுதேன். வலிதான் என்று நினைத்து நர்ஸ் ஓடி வந்து ஒரு மாத்திரையும் தண்ணீரும் நீட்டினார். இது வலி இல்லை என்று சொல்ல எனக்கு ஜெர்மன் தெரியாது. வாங்கிப் போட்டுக்கொண்டேன்.